வாயில்லாச் சாட்சி: துப்பறியும் கதைகளில் வளர்ப்பு விலங்குகள்

துப்பறியும் கதை என்றாலே தமிழாசிரியர் பலர் முகம் சுளிப்பது வழக்கம். பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படிக்கப்படும் நூல் என்ற பெயர் அதற்கு நெடுங்காலமாக உண்டு. கொலையும் களவும் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் என்பர் ஒரு சாரார். அவ்வகை நூல்களில் நடைநயம் இல்லை என்பர் மற்றொரு சாரார். சில நூல்களைப் பொறுத்த வரையில் இவ்விரு குற்றச்சாட்டுகளும் உண்மையே. ஆயினும் ஒரு சில நூல்களின் குற்றத்திற்காக ஓர் இலக்கிய வகை முழுவதையும் தள்ளிவிடுவது, விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவதாகும்.

இவ்வகைக் கதையின் கிளைகளுள் ஒன்று இன்று உலகெங்கும் வாசகரைப் பெற்றிருக்கிறது. அதில் குருதி சிந்தும் காட்சி இராது. களம் ஒரு சிற்றூராக இருக்கும். துப்பறிபவர் போலீஸ் அதிகாரியாக இருப்பது அரிது. அஞ்சலகத்துப் பெண்மணியோ பத்திரிகைச் செய்தியாளரோ அந்தப் பணியைச் செய்வர். அவருடைய காலடியில் ஒரு நாய் படுத்திருக்கும். அல்லது மடியில் ஒரு பூனை உறங்கும். கதை முடிவதற்குள் அந்த நாயோ பூனையோ உண்மைக்கு வழிகாட்டிவிடும். ஆங்கிலத்தில் இதனைக் 'கோசி' என்று வழங்குவர். தமிழில் மென்மர்மக் கதை எனலாம்.

மடியில் உறங்கும் பூனை இக்கதைகளில் எதற்காக வருகிறது? அட்டைப் படத்திற்கு அழகு சேர்க்கவா? அன்றி, மர்மக் கதையின் உயிர்நிலையோடு அதற்குத் தொடர்பு உண்டா? இவ்வினாவிற்கு விடை தேடினால், மேனாட்டுக் கதைகளைப் பற்றிய தெளிவோடு தமிழ் மரபைப் பற்றிய தெளிவும் கிட்டும்.

முதற்கதையில் வந்த வனமனிதன்

நவீனத் துப்பறியும் கதையின் தொடக்கமாக அறிஞர் பலரும் கொள்வது, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட 'ரூ மார்க் கொலைகள்' என்னும் சிறுகதை. பாரிஸ் நகரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் தாயும் மகளும் கொல்லப்படுகின்றனர். உள்ளே ஒரு கீச்சுக் குரல் கேட்டதாகச் சாட்சிகள் கூறுகின்றனர். அக்குரல் எந்த மொழி பேசியது என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பிரெஞ்சுக்காரர் ஒரு மொழியைச் சொல்கிறார். ஆங்கிலேயர் வேறொன்றைச் சொல்கிறார். இத்தாலியர் மற்றொன்றைச் சொல்கிறார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாத மொழியையே பெயர் சுட்டிக் கூறுகின்றனர் என்பதைத் துப்பறியும் துயுப்பேன் கவனிக்கிறார். எவருக்கும் ஒரு சொல்லும் விளங்காத அக்குரல் மனிதக் குரலே அன்று என்ற முடிவுக்கு வருகிறார். கொன்றது, கப்பலோட்டி ஒருவன் போர்னியோவிலிருந்து கொண்டு வந்த ஓராங் ஊத்தான் என்பது பின்னர் வெளிப்படுகிறது.

மலேசிய வாசகருக்கு இச்செய்தி தனிச் சுவை தரும். 'ஓராங்' என்றால் மனிதர், 'ஊத்தான்' என்றால் காடு. உலகத் துப்பறியும் இலக்கியத்தின் வாயிலிலேயே ஒரு மலாய்ச் சொல்லும் போர்னியோக் காட்டு விலங்கும் நிற்கின்றன. உலு கிள்ளானில் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய மிருகக்காட்சிச் சாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஓராங் ஊத்தானின் கூண்டருகே நின்று இக்கதையைக் கூறலாம்.

போவின் கதையில் விலங்கு கொலை செய்கிறது. ஆனால் அதற்குக் குற்றமனம் இல்லை. குற்றமற்ற ஒரு வங்கி எழுத்தர் சிறைப்படுகிறார். அவரை விடுவிப்பதே துயுப்பேனின் வெற்றி. விலங்கின் குரலை விலங்கின் குரலாகவே கேட்க ஒருவராலும் இயலவில்லை. அவரவரும் தம் அறியாமையை அதன்மேல் ஏற்றினர். இந்த நுட்பமே பின்வந்த கதைகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

குரைக்காத நாய்

ஆர்தர் கோனன் டாயில் 1892இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையில் புகழ்பெற்ற பந்தயக் குதிரை ஒன்று இரவோடிரவாகக் காணாமற் போகிறது. அதன் பயிற்சியாளன் வெட்டவெளியில் இறந்து கிடக்கிறான். லாயத்துக் காவல் பையன் உண்ட ஆட்டுக்கறியில் அபின் கலந்திருந்தது. அபினின் சுவையை மறைக்கக்கூடியது கறி மசாலையே என்று ஷெர்லாக் ஹோம்ஸ் உய்த்துணரும் இடம் தமிழ் வாசகருக்கு நகைப்பூட்டும். கதையின் முடிச்சை அவிழ்ப்பது அதுவன்று. லாயத்தில் ஒரு நாய் இருந்தது. குதிரையை ஒருவன் வெளியே கொண்டு சென்றும் அது குரைக்கவில்லை. ஆகவே வந்தவன் நாய்க்கு நன்கு பழகியவன். குதிரைக்குக் காவலாக இருக்க வேண்டிய பயிற்சியாளனே அதன் கால் நரம்பைக் கீறி நொண்டியாக்க முயன்றான். மிரண்ட குதிரை உதைத்ததால் மாண்டான்.

இங்கே நாய் செய்தது என்ன? ஒன்றும் செய்யவில்லை. தன் இயல்புப்படி அமைதியாகப் படுத்திருந்தது. அந்த அமைதியைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரே. நாயை நாயாகவே விட்டு, அதன் மௌனத்தைச் சாட்சியாக்கிய இவ்வுத்தியை விஞ்சிய ஒன்றை இத்துறையில் காண்பது அரிது.

அகதா கிறிஸ்டி 1937இல் வெளியிட்ட நாவலின் பெயரே 'வாயில்லாச் சாட்சி' எனப் பொருள்படும். அதனைத் தாம் வளர்த்த நாய்க்கே அவர் காணிக்கையாக்கினார். கதையில் செல்வம் மிக்க முதியவள் ஒருத்தி மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். வீட்டு நாய் பாப், பந்தைப் படியின் உச்சியில் விட்டுச் செல்லும் வழக்கம் உடையது. அந்தப் பந்தை மிதித்தே எசமானி விழுந்தாள் என்று எல்லாரும் முடிவு கட்டுகின்றனர். ஆனால் அன்றிரவு முழுவதும் நாய் வீட்டிலேயே இல்லை. படியின் குறுக்கே யாரோ கயிறு கட்டியிருக்கின்றனர். பழி நாயின்மேல் விழுமாறு குற்றவாளி ஏற்பாடு செய்திருக்கிறார். ஆகவே அந்நாவலில் பொய்ராட் செய்யும் முதல் வேலை, ஒரு நாயைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகும். வாய் பேச இயலாத உயிரின்மேல் பழி போடுவது எளிது என்ற உண்மை அங்கே கதைப்பொருளாகிறது.

சிலம்பின் கீரி

இவ்வுண்மையைத் தமிழர் மேனாட்டு நாவல்களிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையைக் காவல் காத்த கீரியின் கதையை அறியாத தமிழ்க் குழந்தை அரிது. பாம்பைக் கொன்று, வாயில் குருதியோடு வாயிலில் வந்து நின்றது கீரி. தன் மகவையே அது கடித்துக் கொன்றது என்று எண்ணிய தாய் அதனை அடித்துக் கொன்றாள். உள்ளே சென்றபோது குழந்தை தொட்டிலில் உறங்கிக் கொண்டிருந்தது. அருகே பாம்பு துண்டுபட்டுக் கிடந்தது. அவள் வளர்த்த விலங்கைத் தமிழ் வழக்கு 'கீரிப்பிள்ளை' என்று அழைப்பதையும் எண்ண வேண்டும். கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்பனவும் அவ்வாறே. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களுள் ஒன்றாகக் கூறும் 'பிள்ளை' என்னும் சொல், வீட்டு விலங்கையும் வீட்டு மகவையும் ஒருசேரத் தழுவுகிறது. அத்தாய் ஒரு பிள்ளையைக் காக்க எண்ணி மற்றொரு பிள்ளையைக் கொன்றாள் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கும் துயரம்.

துப்பறியும் கதையின் கண்கொண்டு நோக்கினால் இதன் கூர்மை புலப்படும். வாயிலிருந்த குருதி மெய்யான தடயம். அது பொய் சொல்லவில்லை. அதனைப் படித்தவள்தான் பிழை செய்தாள். தொட்டிலை எட்டிப் பார்க்கும் நேரம் அளவிற்குப் பொறுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

இக்கதையைச் சிலப்பதிகாரம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதே ஆராயத் தக்கது. அடைக்கலக் காதையில், கோவலன் செய்த நற்செயல்களை மாடலன் எடுத்துரைக்கும் போது, கீரி இறந்த பழிக்காகக் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குக் கோவலன் உதவிய செய்தி வருகிறது. அடுத்த காதை கொலைக்களக் காதை. கையில் சிலம்போடு நின்ற கோவலன் கள்வனெனக் கொல்லப்படுகிறான். கையிலிருந்த சிலம்பும் மெய்யான பொருளே. அதனைப் படித்தவர் பிழை செய்தனர். ஆராயாது அடித்த தாயின் பழியைத் தீர்க்க உதவியவன், ஆராயாது ஆணையிட்ட மன்னனால் மாள்கிறான். பின்னர் வழக்குரை காதையில் கண்ணகி, கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததையும் சோழன் அதற்கு நீதி வழங்கியதையும் பாண்டியனுக்கு நினைவூட்டுகிறாள். ஒரு காப்பியத்தின் கொலை வழக்கிற்கு முன்னே ஒரு கீரியும் பின்னே ஒரு பசுவும் நிற்பது தற்செயல் எனத் தோன்றவில்லை. வாயற்ற உயிருக்கு நீதி வழங்கத் தெரிந்த அரசே மக்களுக்கு நீதி வழங்க வல்லது என்பது அவ்வமைப்பின் பொருள்.

காணாமற்போன ஒட்டகம்

தமிழில் வழங்கிய அலகேச கதையில் இன்னும் தெளிவான துப்பறியும் பகுதி உண்டு. ஒட்டகத்தை இழந்த வணிகன் ஒருவன் வழியில் நால்வரைக் காண்கிறான். ஒட்டகத்தைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்று கூறும் அவர்கள், அது நொண்டி என்றும், வலக்கண் குருடு என்றும், வால் குட்டையானது என்றும், வயிற்று நோய் உடையது என்றும் கூறுகின்றனர். அவர்களே திருடர் என்று வணிகன் முறையிடுகிறான். அரசன் விசாரிக்கிறான், அவர்கள் கூறியன அனைத்தும் காலடித் தடத்தையும், ஒருபுறம் மட்டும் மேயப்பட்ட இலைகளையும், கொசுக் கடித்துச் சிந்திய குருதித் துளிகளையும் கண்டு உய்த்துணர்ந்தவை என்பது தெரிகிறது. நால்வரும் அமைச்சராகின்றனர். அதே நூலில் எசமானின் கடனுக்கு ஈடாக வணிகனிடம் விடப்பட்ட நாயின் கதையும் வருகிறது. நன்றிக்குரிய செயலைச் செய்து, கடன் தீர்ந்தது என்ற சீட்டோடு திரும்பி வரும் நாயை, தப்பி வந்ததாக எண்ணி எசமானே கொன்றுவிடுகிறான். சீட்டை அதன்பின்தான் காண்கிறான்.

இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் பண்டித எஸ். எம். நடேச சாஸ்திரி, அம்மொழிபெயர்ப்பு 1889இல் கிளவுஸ்டன் வெளியிட்ட கீழ்த்திசைக் கதைத் தொகுப்பில் இடம்பெற்றது. தமிழின் முதல் துப்பறியும் நூலாகக் கூறப்படும் 'தானவன்' என்பதனை 1894இல் எழுதியவரும் அவரே. பழைய ஒட்டகக் கதையை உலகிற்கு அறிமுகம் செய்த கையே தமிழுக்குப் போலீஸ் நிபுணனையும் கொண்டு வந்தது. மரபும் புதுமையும் ஒரே மேசையில் இருந்தன.

சிரிப்பை விரும்புவோர்க்கு மரியாதை ராமன் கதையில் ஒரு பூனை வழக்கு உண்டு. நான்கு பஞ்சு வணிகர் கூட்டாக ஒரு பூனை வளர்க்கின்றனர். ஆளுக்கு ஒரு கால் என்று பங்கும் பிரித்துக் கொள்கின்றனர். புண்பட்ட காலில் கட்டிய எண்ணெய்த் துணியில் தீப்பற்ற, பூனை பஞ்சு மூட்டைகளுக்குள் பாய்கிறது. நட்டத்தை அந்தக் காலுக்கு உரியவன் தர வேண்டும் என்று மற்ற மூவரும் வழக்கிடுகின்றனர். புண்பட்ட கால் நடக்க இயலாதது. பூனையைப் பஞ்சிடம் கொண்டு சென்றவை நல்ல மூன்று கால்களே. ஆகவே அம்மூவருமே நட்டத்தைத் தர வேண்டும் என்பது தீர்ப்பு. வளர்ப்புப் பூனையை வழக்கின் நடுவே வைத்த இக்கதையைக் காட்டிலும் மென்மையான மர்மக் கதை வேறு எங்கே உண்டு?

இடையில் அறுந்த இழை

இத்தகைய மரபு இருந்தும், தமிழ்த் துப்பறியும் நாவல் வளர்ந்த பாதையில் விலங்குகளுக்கு இடம் குறைந்து போயிற்று. ஆரணி குப்புசாமி முதலியார் மேனாட்டு நாவல்களைத் தழுவி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஏராளமான வாசகரைப் பெற்றனர். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீரை விரும்பிப் பருகினார். அவர் புகழ் தேநீரோடு சேர்ந்தே பரவியது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் நீதிமன்ற நுட்பத்தைக் கதைக்குள் கொணர்ந்தனர். இவர்கள் படைப்புகளில் ஆள்மாறாட்டமும் உயிலும் விரல்ரேகையும் பேசப்பட்ட அளவிற்கு, வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாய் பேசப்படவில்லை.

தமிழ் வாசகர் நெஞ்சில் நிலைத்த நாய் ஒன்று 1980களில் வந்தது. ஆனால் அது உலோகத்தால் ஆனது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். கணவன் காணாமற்போன நிலாவுக்கு அதுவே துணை. மர்மத்தை விடுவிக்கும் அறிவும் அதனுடையதே. பின்னர் 'மீண்டும் ஜீனோ' என்ற நாவலும் எழுந்தது. ஜீனோ நகைச்சுவையாகப் பேசும், நூல்களைப் படிக்கும். அன்புக்குரிய படைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் வாயில்லாச் சாட்சியாக அதனைக் கொள்ள முடியாது. எல்லாவற்றையும் தானே சொல்லிவிடும் சாட்சியிடம் மனிதன் கூர்ந்து நோக்க வேண்டிய தேவை இல்லை.

பேசும் பூனையும் பேசாப் பூனையும்

இதே அளவுகோலைக் கொண்டு மேனாட்டு மென்மர்மக் கதைகளையும் அளக்கலாம். லிலியன் ஜாக்சன் பிரவுன் 1966இல் தொடங்கிய வரிசையில் கோகோ, யம் யம் என்னும் இரு சயாம் பூனைகள் வருகின்றன. மூன்று நாவல்களுக்குப் பின் நெடுங்காலம் நின்றுபோன அவ்வரிசை 1986இல் மீண்டும் தொடங்கி, 2007 வரையில் 29 நாவல்களாக விரிந்தது. கோகோ பேசுவதில்லை. அலமாரியிலிருந்து ஒரு நூலைத் தள்ளிவிடும். ஓரிடத்தை முகர்ந்து நிற்கும். பத்திரிகையாளர் குவில்லரன் அதற்குப் பொருள் காண்பார். பூனை உண்மையிலேயே அறிந்து செய்ததா, மனிதன்தான் பொருளை ஏற்றினானா என்ற ஐயத்தை ஆசிரியர் முற்றிலும் தீர்ப்பதில்லை. அந்த ஐயமே அக்கதைகளின் சிறப்பு. வரிசை நீண்ட பின்னர் பூனையின் குறிப்புகள் சோதிடம் போலாகிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரீட்டா மே பிரவுன் 1990இல் தொடங்கிய வரிசையில் ஆசிரியரின் பூனைக்கும் நூலாசிரியர் பெயரில் பங்கு உண்டு. அதில் பூனையும் நாயும் தமக்குள் தெளிவாகப் பேசிக்கொள்கின்றன. மனிதர்க்கு மட்டும் அது விளங்குவதில்லை. இது நகைக்கு உதவும். ஆயினும் விலங்கு மனிதனைப்போல் எண்ணத் தொடங்கியதும் அது விலங்காக இருப்பது நின்றுவிடுகிறது. பஞ்சதந்திர விலங்குகளும் பேசுகின்றனவே எனில், அவை நீதி உரைக்க வந்த உருவகங்கள். தடயம் காட்ட வந்த சாட்சிகள் அல்ல.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மேனாட்டு மென்மர்மக் கதையில் வளர்ப்பு விலங்கு சாவதில்லை. பழி சுமத்தப்பட்டாலும் உரிய காலத்தில் விடுதலை பெறுகிறது. வாசகர் நிம்மதியாக உறங்கச் செல்கிறார். தமிழ்க் கதையில் கீரி இறந்து விடுகிறது. நாய் இறந்து விடுகிறது. உண்மை அதன்பின் வருகிறது. முன்னது ஆறுதல் தருகிறது. பின்னது எச்சரிக்கை தருகிறது. இழப்பதற்கு ஒன்றுமில்லாத கதை எத்துணை இனிமையாயினும் நெஞ்சில் நெடுநாள் நிற்பதில்லை என்பதால், தமிழ்க் கதையே இலக்கிய வகையில் வலியது எனத் துணியலாம்.

கிள்ளான் காகமும் பிரிக்பீல்ட்ஸ் தெருவும்

மலேசியத் தமிழ் எழுத்தாளர் இத்துறையில் செய்யத் தக்கது யாது? கோலாலம்பூர் மர்மக் கதைக்குப் புதிய களமன்று. மலேசியாவில் பிறந்த ஷாமினி பிளின்ட் 2009இல் வெளியிட்ட ஆங்கில நாவலில், சீக்கிய இன்ஸ்பெக்டர் சிங் இந்நகருக்கு வந்து ஒரு மரத்தொழில் முதலாளியின் கொலையை ஆராய்கிறார். தமிழில் எழுதுவோர்க்குப் பொருள் அதனினும் அருகில் இருக்கிறது.

கிள்ளானின் காகங்களை எடுத்துக் கொள்ளலாம். காப்பித் தோட்டங்களில் புழுத்தொல்லையை ஒழிக்க 1890களில் இலங்கையிலிருந்து அவை கொண்டுவரப்பட்டன. காப்பி போயிற்று, ரப்பர் வந்தது, அதுவும் போய்க் குடியிருப்புகள் எழுந்தன, காகங்கள் இன்றும் இருக்கின்றன. தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து வந்து, தோட்டம் அழிந்த பின்னும் தங்கிவிட்ட உயிர் என்ற வகையில் அவற்றின் வரலாறு தமிழர் வரலாற்றை ஒத்தது. நாள்தோறும் சோறு வைக்கும் பாட்டியிடம் பழகிய ஒரு காகம், ஒருநாள் வந்து சோற்றைத் தொடாமல் சென்றால் அதன் காரணம் என்ன? தாலிக்கொடி ஒன்று காணாமற்போய்ப் பழி காகத்தின்மேல் விழுந்தால் அதனை விடுவிப்பவர் யார்? பஞ்சதந்திரத்துக் காகம் அரசியின் நகையைப் பாம்பின் புற்றில் இட்டுப் பொய்த்தடயம் உண்டாக்கிய கதையை அறிந்த வாசகர், இக்கதையின் திருப்பத்தை இருமடங்கு சுவைப்பர்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமும் அவ்வாறே வளம் மிக்கது. ரயில்வே ஊழியர் குடியிருப்புகளோடு வளர்ந்த அவ்வூரில் கோயிலும் தேவாலயமும் விகாரையும் நடக்கும் தொலைவில் உள்ளன. பார்வையற்றோர் சங்கமும் அங்கேயே இருப்பதால், வெண்கோலோடு நடப்போரை அத்தெருக்களில் காணலாம். கண்ணால் கண்டவர் பலர் பிழைபடக் கூறுமிடத்தில், தெருநாயின் குரைப்பில் இருந்த வேறுபாட்டைக் காதால் உணர்ந்த ஒருவர் உண்மை கூறுவதாகக் கதை அமைந்தால், போவின் கீச்சுக் குரலுக்குத் தக்கதொரு தமிழ் மறுமொழியாகும்.

இத்தகைய கதைகள் தோன்றும் வரையில், இருக்கும் கதைகளை வகுப்பறையில் பயன்படுத்தலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுள் பலருக்கு நாயோடும் கோழியோடும் பழகும் வாய்ப்பு இல்லை. அவர்களிடம் ஒட்டகக் கதையைத் தடயங்கள் வரையில் கூறி, முடிவை அவர்களே உய்த்துணரச் செய்யலாம். கீரி வாயிலில் வந்து நின்றவுடன் கதையை நிறுத்தி, அத்தாய் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று வினவலாம். காணுதல், கருதுதல் என்னும் இரண்டையும் வேறு பிரித்து அறிவதற்கு இதனினும் எளிய பயிற்சி இல்லை. கருத்துணர்தல் பாடமும் சிந்தனைத் திறனும் அதனுள் அடங்கும்.

பயன் அதனோடு முடியவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் பேசாத பிள்ளை ஒன்று உண்டு. சன்னல் கண்ணாடி உடைந்தாலும் சக மாணவனின் பேனா காணாமற் போனாலும் எல்லாக் கண்களும் அப்பிள்ளையை நோக்கித் திரும்பும். அதற்காக வாதாட அதற்கு வாய் வராது. கீரியின் கதையை நெஞ்சில் வாங்கிய ஆசிரியர், பிரம்பை எடுக்குமுன் தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்ப்பார். துப்பறியும் கதை இந்த ஒன்றைக் கற்பித்தாலும் அதற்குப் பள்ளி நூலகத்தில் ஓர் அடுக்கு ஒதுக்குவது தகும்.